வாசலக்கா திறந்த கேட்

வாசலக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்த ஊர் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். வரிசையில் குறுக்கே புகுந்தவன் பாடகரின் சொந்த மச்சானாகவே இருந்தாலும் காதைத் திருகாத குறையாகக் கடைசிக்கு அனுப்பிவிடுவாள். டிக்கெட்டை எங்கேயோ தொலைத்துவிட்டு அழுகிற முகத்தோடு நிற்கும் பெண்ணை, "சரி சரி, மூஞ்சியைத் தொடச்சிட்டு உள்ள போ" என்று தள்ளிவிடுகிறவளும் அவள்தான். இரண்டையும் ஒரே மூச்சில் செய்வாள். நியாயம் கேட்டால், "வாசல்னா அப்படித்தான்" என்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

அவள் நின்றது சாதாரண வாசல் இல்லை. அந்த நாட்டில் பெரிய பாட்டுக் கச்சேரி, நகைச்சுவை நிகழ்ச்சி, நடன விழா என்று எதை எடுத்தாலும் அதை நடத்துவது ஒரே கம்பெனி. அந்தக் கம்பெனியின் சேர்மன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. ஊருக்கெல்லாம் சேர்மன், அவளுக்கு மட்டும் சின்னவன். இந்த உறவு பழைய ஆட்கள் சிலருக்குத்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அவனும் சொல்லவில்லை, அவன் சொல்லாததற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன்.

சின்னவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பாட்டுப் பைத்தியம். எங்கே இலவசக் கச்சேரி என்றாலும் அக்காவை நச்சரித்துக் கூட்டிப்போகச் சொல்வான். கூட்டத்தைக் கண்டால் மட்டும் கால் நடுங்கும். அதனால் அவள் தோளில் மாட்டியிருக்கும் பையின் வாரைப் பிடித்துக்கொள்வான். அவள் இரண்டு முழங்கையையும் விரித்து வழி பண்ணிக்கொண்டு முன்னால் போவாள். அவன் பின்னாலேயே போய் மேடைக்கு முன்னால் நின்றுவிடுவான். கூட்டத்துக்குப் பயந்த பையன் கூட்டத்தைக் கூட்டிப் பிழைக்கப் போகிறான் என்று அன்றைக்கு யார் கண்டது?

வளர்ந்ததும் நாலு பேர் கையில் காலில் விழுந்து பழைய ஸ்பீக்கர்கள் வாங்கினான். ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்குப் பிடித்தான். டிக்கெட் கிழிக்க ஆளில்லை, அக்காவை நிறுத்தினான். முதல் நிகழ்ச்சியே கோணலாகப் போனது. வெளியே ஜனம் காத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இவன் மைக்கைத் தட்டிப் பார்த்து, பாடகரையும் இரண்டு வரி பாடச் சொல்லிவிட்டான். கச்சேரி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து வெளியே இருந்தவர்கள் மொத்தமாக முட்டினார்கள். கதவுக் கண்ணாடி உடைந்து அவள் முன்கையில் நீளமாகக் கிழித்தது. குழாயடியில் அந்தக் கையைக் கழுவிக்கொண்டே அவன் அழுதான். "இனிமே வாசல்ல ஆள் நிக்கும்போது மைக் பேசக் கூடாதுக்கா. இது சட்டம்" என்றான். தழும்பு இருந்தது, சட்டமும் வெகுகாலம் இருந்தது.

பிறகு அவன் வளர்ந்த கதையை நான் விவரித்தால் கம்பெனி விளம்பரம் மாதிரி ஆகிவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஹால் பல ஹால்கள் ஆயின. போட்டிக்கு நின்றவர்களின் ஹால்களையும் வாங்கினான். டிக்கெட் விற்கிற கம்பெனியையும் வாங்கினான். பாடகர்களுக்கு நிகழ்ச்சி பேசிக்கொடுக்கிற ஏஜென்டுகளும் அவன் கைக்குள் வந்தார்கள். பெரிய மேடையில் பாட வேண்டுமென்றால் அவனிடம்தான் வர வேண்டும்; கேட்க வேண்டுமென்றாலும் அவனிடம்தான் வாங்க வேண்டும். காலையில் ஒரு விலை சொன்ன டிக்கெட் மாலையில் வேறு விலை சொன்னது. கேட்டால், ஆசைப்படுகிறவர்கள் அதிகமானால் விலையும் அதிகமாகுமாம். பத்திரிகைகள் அவனைக் கிழிகிழி என்று கிழித்தன. சின்னச் சின்ன ஹால் வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள்.

இத்தனை திட்டும் கடைசியில் வந்து இறங்கிய இடம் வாசல்தான். சேர்மனை யார் பார்த்தார்கள்? வாசலக்காவைத்தான் பார்த்தார்கள். "வசதிக் கட்டணம்னு போட்டிருக்கே, யாரோட வசதிக்கு?" என்று ஒருவர் அவள் முகத்துக்கு நேரே டிக்கெட்டை ஆட்டினார். "தெரியலைங்க, என் வசதிக்கு இல்ல. எனக்கு உக்கார ஸ்டூல்கூடக் குடுக்கல" என்றாள். அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும் தம்பியிடம் இதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். "வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சி" என்று அவனும் சிரிப்பான். போகப்போக ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்தன.

அவன் அக்காவை மறந்துவிட்டான் என்று சொன்னால் பொய். ஆபீஸில் ஒரு அறை கொடுத்துப் பார்த்தான். ஏ.சி., சுழல் நாற்காலி, செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஒரு வாரம்கூடத் தாங்காமல் வாசலுக்கே திரும்பி வந்துவிட்டாள். வாசல் ஆட்களையெல்லாம் ஒரு கான்ட்ராக்டரிடம் மாற்றிவிட்டபோது அவளும் மாறினாள். ஆரஞ்சு நிற மேல்சட்டை கொடுத்தார்கள். "சட்டையில யார் பேர் இருந்தா என்ன, நிக்கிறது நம்ம கால்தானே" என்றாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன்தான் முணுமுணுத்தார்.

அந்தச் சனிக்கிழமை மைதானத்தில் கச்சேரி. பாட வந்தவருக்கு இளசுகள் மத்தியில் அப்படி ஒரு மவுசு, மத்தியானத்திலிருந்தே கூட்டம். அதே நாளில் இன்னொரு ஊரிலும் கம்பெனிக்கு நிகழ்ச்சி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சவுண்டு லாரி. அங்கே முடித்துவிட்டு இங்கே வர வேண்டும். அது தாமதமானது. மைதானத்தின் கேட்டுகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சிறப்பு டிக்கெட்டுக்கும் கம்பெனி வண்டிகளுக்கும் என்று ஒதுக்கியாகிவிட்டது. சாதாரண டிக்கெட்டுக்காரர்கள் அத்தனை பேரும் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு சந்தில், இன்னும் திறக்காத ஒரே கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசலக்காவும் அவளோடு வேலை செய்யும் பெண்களும் தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது உள்ளே டிரம்ஸ் முழங்கியது. பின்னாலேயே, எல்லோருக்கும் மனப்பாடமான அந்தப் பாட்டின் முதல் வரி.

வாசலக்கா வாக்கி டாக்கியைப் பிடித்துக் கத்தினாள். "யாரு மைக்கைத் தொறந்தது? வெளிய ஜனம் நிக்குது, நிறுத்துங்க!"

"சேர்மனே சொல்லிட்டாருக்கா. டெஸ்ட் பண்ணாம ஆரம்பிக்க முடியாதாம்" என்று பதில் வந்தது.

பின்வரிசையில் இருந்தவர்கள் கச்சேரி ஆரம்பித்துவிட்டது என்று தள்ளினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் போக இடமில்லாமல் கம்பியோடு ஒட்டிக்கொண்டார்கள். கத்தல் வேறு மாதிரி மாறியது. அவள் திரும்பிச் சிறப்பு கேட்டுக்கு ஓடினாள். "பர்மிஷன் இல்லாம தொறக்கக் கூடாது" என்று அங்கே நின்ற காவலாளி மறித்தான். அவனை ஒரே தள்ளு. தாழ்ப்பாளை இழுத்து இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டாள். கம்பித் தடுப்பை அவளோடு நின்ற பெண்கள் நகர்த்திவிட, சிவப்புக் கம்பளத்தின் மேலும் சோபாக்களின் மேலுமாக ஜனம் பாய்ந்தது. சந்து மூச்சுவிட்டது.

உயிர் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி நிறைந்தது. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தாள் வாசலக்கா. "பாட்டு ஆரம்பிச்சிட்டாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டது அந்தப் பெண். "இன்னும் இல்லம்மா" என்றாள்.

மறுநாள் டிவியில் கம்பெனியின் அறிக்கையைப் படித்தார்கள். தற்காலிக ஊழியர் ஒருவர் அனுமதியின்றிச் சிறப்பு வாயிலைத் திறந்ததே நெரிசலுக்குக் காரணம். அவர் மீதும் உடனிருந்தவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கப்படும்.

புருஷன் டிவியை அணைத்தார். "தற்காலிகமா? உன்னையா?"

அவள் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவினாள். கேஸ் போடுவார்களே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட அந்த ஒரு வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

சின்னவன் வந்தான். டிரைவர் இல்லாமல் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். ஷேவ் பண்ணாத முகம். சமையலறை வாசலிலேயே நின்றான்.

"அது வக்கீல் எழுதினதுக்கா."

"நீ படிச்சியா?"

தரையைப் பார்த்தான். "படிச்சேன்."

அந்த மட்டுக்கும் பொய் சொல்லவில்லையே என்று அவளுக்கு ஒரு ஆறுதல். பாழாய்ப்போன பாசம், அந்த நேரத்திலும் ஆறுதல் தேடுகிறது பாருங்கள்.

"கவர்மெண்ட் விசாரணையில கேட்டைத் தொறந்தது நான்தான்னு மட்டும் சொல்லுக்கா. அது உண்மைதானே? உனக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன். கம்பெனி லைசென்ஸ் போச்சுன்னா எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் தெரியுமா?"

"நான் தொறந்தேன்தான். அதைக் கேட்டா சொல்லுவேன். ஏன் தொறந்தேன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

அவன் வண்டிச் சாவியை விரலில் சுற்றினான்.

"என்கூட நின்ன பொண்ணுங்க மேலயும் கேஸ் போடுவாங்களாமே. அதுங்க என்னடா பண்ணிச்சு? நான் சொன்னேன்னு கம்பியை நகத்திச்சு. அவ்ளோதான்."

"அதையும் பாத்துக்கறேன்" என்றான். முன்கையில் இருந்த தழும்பை அவள் அவனுக்குக் காட்டவில்லை. அவன் கண் தானாகவே அங்கே போனது. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

விசாரணை நாள் வரை அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் தம்பி மாட்டிக்கொள்வான். விழுங்கிவிட்டால் அந்தப் பெண்கள் மாட்டிக்கொள்வார்கள். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் இடித்தது.

அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் விசாரணை. கரகரவென்று சுற்றும் மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் அந்தக் கல்லூரிப் பெண், கையைக் கழுத்திலிருந்து கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டபடி. பக்கத்தில் தையல்காரரான அவள் அப்பா. எதிர்ப்பக்கம் சின்னவனும் வக்கீலும்.

விசாரணை அதிகாரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "அந்த கேட்டைத் தொறந்தது நீங்கதானா?"

"ஆமாங்க, நான்தான்."

"தற்காலிக ஊழியர்னு போட்டிருக்கு. எவ்வளவு நாளா வேலை பாக்கறீங்க?"

"கம்பெனியோட முதல் நிகழ்ச்சியிலேருந்துங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரியம்மா சிரிக்கவில்லை. "ஏன் தொறந்தீங்க?"

கேட்டேவிட்டார். வாசலக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வெளிய ஜனம் நிக்கும்போதே உள்ள மைக் பேசிச்சுங்க. ஆரம்பிச்சிட்டாங்கன்னு நெனச்சுத் தள்ளினாங்க. புள்ளைங்க கம்பியில நசுங்கிச்சு. எனக்கு வேற வழி தெரியலை. எங்கூட இருந்த பொண்ணுங்க நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க."

"மைக்கை டெஸ்ட் பண்ணச் சொன்னது யாரு?"

அவள் தூளியில் தொங்கும் அந்தக் கையைப் பார்த்தாள். "சேர்மன் சொன்னார்னு வாக்கி டாக்கியில சொன்னாங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வக்கீல் துள்ளி எழுந்தார். "யாரோ சொன்னதா யாரோ சொல்றாங்க. இந்தம்மாவுக்குக் கம்பெனி மேல பழைய கோபம். ஆபீஸ் வேலைக்கு லாயக்கில்லைன்னு அனுப்பிட்டோம், அந்த ஆத்திரத்துல..."

வாசலக்காவுக்கு வாயில் வராத வசவே கிடையாது. ஆனால் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"உக்காருங்க சார்" என்றான் சின்னவன். வக்கீல் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவன் உதறிவிட்டு எழுந்து நின்றான். "நான்தான் டெஸ்ட் பண்ணச் சொன்னேன். லாரி லேட்டு, வேற யோசனை ஓடலை. மத்த கேட்டையெல்லாம் பூட்டி வைக்கச் சொன்னதும் நான்தான். வாசல்ல ஆள் நிக்கும்போது மைக் பேசக் கூடாதுங்கறது எங்க கம்பெனியோட முதல் சட்டம். அதைப் போட்டதும் நான், மீறினதும் நான்." அக்கா பக்கம் கையை நீட்டினான். "அவங்க தற்காலிக ஊழியர் இல்லைங்க. எங்க அக்கா."

அதிகாரியம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வந்த அபராதம், பறிபோன லைசென்ஸ், கைமாறிய ஹால்கள் எல்லாவற்றையும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டன. அவை எழுதாதது, அன்றைக்கு அக்காவும் தம்பியும் வெளியே வந்த விதம்தான்.

நடையில் நிருபர்களும் அடிபட்ட பிள்ளைகளின் பெற்றோர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டினார்கள். எங்கிருந்தோ ஒரு செருப்பு பறந்து வந்து சுவரில் பட்டு விழுந்தது. வக்கீல் மாயமாகிவிட்டார். சின்னவன் வாசலிலேயே உறைந்து நின்றான். வெளிறிப்போன முகம், சின்ன வயதில் பார்த்த அதே முகம்.

வாசலக்காவுக்கு அவன் மேல் இருந்த கோபம் தீரவில்லை. அது தீர இன்னும் வெகுநாள் ஆகும். அவன் பக்கம் திரும்பாமலேயே, "பையைப் பிடி" என்றாள்.

பிடித்துக்கொண்டான். அவள் இரண்டு முழங்கையையும் விரித்தாள். "தள்ளாதீங்க! ஒவ்வொருத்தரா! அவனைக் கேள்வி கேக்க இன்னும் எத்தனையோ நாள் இருக்கு, இப்ப யாரும் கீழ விழாதீங்க. கேமரா சார், காலை எடுங்க."

படிக்கட்டுக்கு அருகில் அந்தக் கல்லூரிப் பெண் சுவரோரமாகச் சாய்ந்து நின்றாள். நெருக்குகிற கூட்டத்தைக் கண்டு, தூளிக் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். வாசலக்கா சட்டென்று நின்றாள். பின்னால் வந்த எல்லோரும் நின்றார்கள், சின்னவன் உட்பட.

"முதல்ல அது போகட்டும்" என்றாள்.

அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் கடைசிப் படியைத் தாண்டும்வரை, சேர்மன் பையின் வாரைப் பிடித்தபடி அக்காவுக்குப் பின்னால் காத்து நின்றான்.