ஏழாவது துண்டு

என் மேசையின் அடி இழுப்பறையில் ஒரு தடித்த புத்தகம் பல வருஷமாகக் கிடக்கிறது. வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு அட்டை வைத்து ஸ்பைரல் போட்டது. கடைக்காரர் அதை ஏதோ ஆய்வேடு என்று நினைத்து, அட்டையில் தங்க எழுத்துப் போட வேண்டாமா என்று கேட்டாராம். ஆய்வேடு இல்லை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கணினி நிரல். எழுதியவர் எங்கள் அலுவலகத்தில் என்னைவிட இரண்டு வருஷம் மூத்தவர். எல்லோருக்கும் போல எனக்கும் அண்ணாச்சி. போன வாரம் என் மனைவி அதைத் தூக்கிப் பார்த்து, "இதைப் பழைய பேப்பர்ல போட்டிரட்டா?" என்றாள். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் புத்தகத்தைப் பற்றி அவளிடம்கூட நான் உண்மையைச் சொன்னதில்லை.

எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கங்கைகொண்டானில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தோம். எங்கள் பிழைப்பு ஒரு தரவுத்தளத்தை நம்பி ஓடியது. ஆஸ்பத்திரி, கல்லூரி, ஜவுளிக்கடை என்று பலரும் தங்கள் விவரங்களைப் போட்டு வைக்கும் மென்பொருள் அது. யாருக்கும் தனிச்சொத்து இல்லை. அதன் நிரலை உலகத்தில் எவரும் படிக்கலாம், ஒரு புது வசதியை எழுதி, சேர்க்கச் சொல்லி அனுப்பலாம். அப்படி அனுப்புவதைப் பேட்ச் என்போம். சேர்க்கும் உரிமை மட்டும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான். சேர்த்த பிறகு ஏதாவது உடைந்தால் சேர்த்தவன் தலையில்தான் விடியும். அந்த உரிமை அப்போதுதான் எனக்குக் கிடைத்திருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் போதகர் அதைச் சொல்லி ஸ்தோத்திரம்கூடப் பண்ணினார். என்ன ஏது என்று விளங்காமலே எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணாச்சியின் பேட்ச் லேசுப்பட்டதல்ல. எங்கள் தரவுத்தளத்தில் ஒரு பெரிய அட்டவணையை ஒழுங்குபடுத்த வேண்டுமென்றால், வேலை முடியும்வரை அதை யாரும் தொடமுடியாதபடி பூட்டிவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்காரன் அவ்வளவு நேரம் எங்கே போவான்? ஆட்கள் புழங்கிக்கொண்டிருக்கும்போதே ஒழுங்குபடுத்த அண்ணாச்சி வழி கண்டிருந்தார். கடையில் கூட்டம் நிற்கும்போதே அலமாரியை மாற்றி அடுக்குவது போன்ற வேலை. அதன் உயிர் கடைசிப் பகுதியில் இருந்தது. பாதி அடுக்கும்போது கரண்ட் போய்விட்டால் ஒன்றும் தொலையாமல் எப்படி மீட்பது என்பதுதான் அது.

வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறவர், திங்கட்கிழமை காலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். வண்ணார்பேட்டையில் ஆபீஸ் வேனுக்காக நிற்கும்போது இருவரும் டீ குடிப்போம். அங்கே வைத்துத்தான் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "திரையில படிச்சா கண்ணு வழுக்கிட்டு ஓடிரும்வே. பென்சிலைக் கையில வச்சுகிட்டுப் பைய படியும்" என்றார். பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் டீ வந்ததும் ஒரே கேள்விதான். "என்னவே, எங்கன வந்திருக்கீரு?" நான் பக்கத்தைச் சொல்வேன். முக்கால்வாசிப் புத்தகத்தை ஒழுங்காகவே படித்தேன், அதைச் சொல்ல வேண்டும். ஓரமெல்லாம் என் பென்சில் குறிப்புகள் இருக்கின்றன. சில இடங்களில் நான் பிடித்த பிழைகளைப் பார்த்து, "ஏ அப்பா, கண்ணுல விளக்கெண்ணெய விட்டுல்லா பாக்கீரு" என்று சிரித்தார்.

கடைசிப் பகுதிக்கு வந்ததும் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. நாலு தடவை ஆரம்பித்து, நாலு தடவையும் நாலைந்து பக்கத்திலேயே நின்றுவிட்டேன். மண்டையில் ஏறவில்லை. புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், அவர் குஷியாக உட்கார்ந்து விளக்கியிருப்பார். ஆனால் சபையில் ஸ்தோத்திரம் பண்ணப்பட்டவன் அல்லவா நான். அடுத்த திங்கட்கிழமை அவர் கேட்டபோது, "முடிச்சாச்சு அண்ணாச்சி" என்றேன்.

"கடைசி வரைக்குமா?"

"ஆமா."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

அந்த ஒரு 'ஆமா'வில் நானே போய் மாட்டிக்கொண்டேன். சந்தேகம் கேட்டால் படிக்கவில்லை என்பது வெளியே வந்துவிடும். புரியாத ஒன்றைச் சேர்க்கவோ துணிச்சல் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் காரணம் இல்லை. கடைசியில் ஒரு சாக்குக் கிடைத்தது. பேட்ச் ரொம்பப் பெரிதாக இருக்கிறது, துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பினால் நல்லது என்று எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவில் எழுதினேன். எங்கள் தொழிலில் அது நியாயமான பேச்சு, யாராலும் மறுக்க முடியாது. அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் ஏழு துண்டாகப் பிரித்தார். முதல் ஆறும் ஏழாவதற்காக இடத்தைச் சுத்தம் செய்யும் வேலைகள். ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பாராட்டு வந்தது. ஏழாவது துண்டுதான் புத்தகத்தின் அந்தக் கடைசிப் பகுதி.

எங்கள் மென்பொருள் வருஷத்துக்கு ஒருமுறை வெளியாகும். குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு புது வசதி எதையும் சேர்க்கக் கூடாது. ஏழாவதை நான் அந்த நாள்வரை இழுத்துவிட்டு, அடுத்த வெளியீட்டுக்குப் பார்க்கலாம் என்று எழுதினேன். மறு வருஷமும் அதையே எழுதினேன். அதற்கு மறு வருஷமும். வேறு யாரும் அதைத் தொடவில்லை, நான் பார்த்துக்கொள்வேன் என்று விட்டுவிட்டார்கள். பேட்சை எழுதி அப்படியே வைத்திருக்க முடியாது. மற்றவர்கள் நிரலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதற்கேற்ப இதையும் திருத்தித் திருத்திப் பொருத்த வேண்டும். "நான் ஊருக்குப் போயிட்டு வாரதுக்குள்ள நாலு பேரு நாலு எடத்துல மாத்திப்புடுதான். மறுபடி மொதல்லேருந்து ஒட்டணும். விடவும் முடியல, முடிக்கவும் முடியல, புலி வாலைப் புடிச்ச கதைதான்" என்பார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் நாலு வசவு வைதிருந்தால் நான் உண்மையைக் கக்கியிருப்பேன்.

மூன்றாவது தடவை தள்ளிவைத்த பிறகு ஒருநாள் டீக்கடையில், "போதும்வே. இனி என்னால ஒட்ட முடியாது" என்றார். அந்த மாதமே வேலையை விட்டார். இப்போது அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலைகளுக்குக் கணினி வேலை செய்துகொடுக்கிறார். அவர் போனது எனக்குத் துக்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நிஜம்.

அதே போன வாரம்தான் வேறொரு தேசத்திலிருந்து ஒரு புதுப் பேட்ச் வந்தது. அதே வசதி. அண்ணாச்சியின் ஆறு துண்டுகளின் மேல் ஏறி நிற்கிறது. அதை எழுதியவர் அண்ணாச்சி பெயரைக் குறிப்பிட்டு நன்றியும் சொல்லியிருக்கிறார். கரண்ட் போகும் இடத்தில்தான் அவரும் திணறுகிறார். படித்துச் சொல்ல வேண்டியவன் மறுபடியும் நானே. மனைவியிடமிருந்து வாங்கிய புத்தகத்தைப் பிரித்துக் கடைசிப் பகுதியை முதல்முறையாக விடாமல் படித்தேன். இத்தனை வருஷத்தில் கொஞ்சம் மூளை வளர்ந்திருக்கும்போல, புரிந்தது. அந்தப் பகுதியின் எட்டாம் பக்கத்து ஓரத்தில் நீல மையில் அண்ணாச்சி கையெழுத்து இருந்தது: 'இங்கன வந்துட்டீருன்னா டீக்கடையில சொல்லும். அன்னிக்கு டீ நான் வாங்கித் தாரேன்.'

எல்லாத் திங்கட்கிழமையும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவரைக் கஞ்சன் என்று வேறு கேலி செய்திருக்கிறேன். 'கடைசி வரைக்குமா' என்று கேட்டு அவர் என் முகத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்த டீயை நான் கேட்கவில்லையே, அன்றைக்கே தெரிந்துவிட்டது அவருக்கு. தெரிந்துகொண்டுதான் மூன்று வருஷம் பேட்சை ஒட்டிக்கொண்டிருந்தார்.

போன் செய்தேன். பின்னால் ஆலை ஓடும் சத்தம் கேட்டது. "அண்ணாச்சி, அந்த எட்டாம் பக்கத்துக்கு வந்துட்டேன்" என்றேன்.

"வந்துட்டீரா" என்றார். கோபமே இல்லை. "அதுக்கு அடுத்த பக்கத்துல ஒரு தப்பு இருக்குவே. வேலைய விட்ட பொறவுதான் எனக்கே தட்டுச்சு. போன கரண்டு வந்து, நாம மீட்டுகிட்டு இருக்கும்போது மறுபடியும் போச்சுன்னா? அதை நான் யோசிக்கவே இல்ல. அன்னிக்கே இங்கன வந்திருந்தா நீரு கேட்டிருப்பீரு. நம்ம ஊர்க்காரனுக்கு அதைச் சொல்லியா கொடுக்கணும்?"

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் போனை வைத்துவிட்டார். புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஓரத்தில் அவர் எழுத்தும் இல்லை, என் பென்சிலும் இல்லை. தப்பு எந்த வரியில் என்று அவர் சொல்லவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை எனக்கு, அதைக் கண்டுபிடிக்க.