பழவேற்காட்டில் கற்ற ஆறு வார்த்தைகள்

சனிக்கிழமை விடியலில் அரக்கோணத்தில் ரயில் ஏறினேன். சென்ட்ரலில் மாறி, பொன்னேரியில் இறங்கி, பழவேற்காட்டுக்கு பஸ் பிடித்தேன். இருபது கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் இருபது ரூபாய். கண்டக்டர் என் பையைப் பார்த்து, "இன்னா, மீன் வாங்கவா?" என்றார். உஸ்பெக் பாஷை கற்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.

நான் சமையல்காரன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். உஸ்பெகிஸ்தானில் சமர்கந்து என்று ஓர் ஊர். டாக்டருக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அங்கே மெஸ் நடக்கிறது. அதில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கூட வேலை செய்யும் பெண்களுக்கு அவர்கள் பாஷை மட்டும்தான் தெரியும், கொஞ்சம் கற்றுக்கொண்டு போ என்றார் ஏஜெண்ட். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் ஏழுமலை என்பவர் அந்த நாட்டில் சமைத்துவிட்டு வந்தவர் என்றும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏழுமலைக்கு ஐம்பது வயது இருக்கும். வீட்டு வாசலில் வலை சரிசெய்துகொண்டிருந்தார். அவர் மனைவி தேவி அப்போதுதான் ஏரியிலிருந்து வந்திருந்தார். இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் வேலை. விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. வீட்டுக்குச் சுவர் எழுந்திருந்தது. கூரை இல்லை. நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

"பாஷை பெரிய விசயம் இல்ல தம்பி. ஆளக் கூப்புடத் தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சிது" என்று அவர் தொடங்கினார். மென் என்றால் நான். பிஸ் என்றால் நாம், நாங்கள் இரண்டுக்கும் அதுவே. சென் என்றால் நீ. ஸிஸ் என்றால் நீங்கள்.

"சென் உன் வாயில வரவே கூடாது. பாத்திரம் கழுவறவங்களுக்கும் ஸிஸ்ஸுதான்."

நான் என் சமையலறையில் உதவிக்கு இருப்பவர்களை டேய் என்றுதான் கூப்பிடுவேன். தலையாட்டினேன்.

உ என்றால் அவன், அவள், அது எல்லாம்.

தேவி இறாலை உரித்தபடி கேட்டார். "ஆளுக்கும் எருமைக்கும் ஒரே வார்த்தையா?"

"நீ இங்கயே என்ன அப்டித்தான கூப்புடற."

"எருமன்னா பாலு கறக்கும்யா."

மூவரும் சிரித்தோம். சாயங்காலம் வரை அப்படியே போனது.

சோறு போடும்போது தேவி சொன்னார். "மாமனாரு செத்ததுக்கு வந்தாரு தம்பி. மறுபடியும் கூப்புடறோம்னு சொல்லி அனுப்பினாங்க. ஏரி முகத்துவாரம் மண்ணடைச்சிக்கினு மீனே இல்ல. இவரு போனாத்தான் வூட்டுக்குக் கூரை."

"கூப்புடுவாங்க. அங்க காய் நறுக்கற ஓபா ஒருத்தங்க கீறாங்க. ஓபான்னா அக்கா. தெனம் எனக்கு ரொட்டி எடுத்து வெப்பாங்க. வுட்டுக்குடுக்க மாட்டாங்க" என்றார் ஏழுமலை. பிறகு தான் சமைத்த மெஸ்ஸைப் பற்றிச் சொன்னார். பச்சை கேட், வாசலில் ரெண்டு மல்பெரி மரம், பக்கத்தில் டயர் கடை.

ஏஜெண்ட் அனுப்பிய மெஸ் போட்டோ என் போனில் இருந்தது. பச்சை கேட். ரெண்டு மரம். டயர் கடை.

எனக்குக் கிடைத்தது அவருடைய வேலை. அப்போதே சொல்லியிருக்கலாம். மறுநாள் பாடம் மிச்சம் இருந்தது. குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை படகில் கூட்டிப்போனார். கரையில் நாலைந்து படகுகள் சும்மா நின்றன. அதில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

"அவங்க ஏன்ணே வரல?"

"இன்னிக்கு இந்த எடத்துல என் பாடு." பாடு என்றால் முறை. ஏரியில் மீன் படும் இடங்களுக்கு ஊரில் முறை போட்டுக் கொடுப்பார்கள். முறை வந்தவர்தான் அங்கே வலை விடலாம். "நான் சமர்கந்துல இருந்தப்பவும் என் முறைக்கு என் மச்சான் எறங்குவான். வேற ஒருத்தன் வல வுட மாட்டான். சோறு எறங்குமா அவனுக்கு?"

நான் தண்ணீரைப் பார்த்தேன். வலையில் கொஞ்சம் மடவை மீனும் ஒரு நண்டும் விழுந்திருந்தன.

கரையில் தேவி கூடையோடு உட்கார்ந்திருந்தார். இறங்கியதும் ஏழுமலை போனை எடுத்தார். "ஓபாகிட்ட பேசு. கத்துக்கினது சரியான்னு பாக்கலாம்."

"வேணாம்ணே."

"வெக்கமா?"

"வெக்கந்தான்."

அவர் விடவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். நான் சொன்னேன். "மென் முருகேசன். ஸிஸ் யக்ஷிமிஸிஸ்?" நான் முருகேசன், நீங்கள் நலமா. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் சந்தோஷமாகக் கூவியது. என் பேரைத் திருப்பிச் சொன்னது. பிறகு நிறையப் பேசியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏழுமலைக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். போனை வாங்கி, "ஹா ஓபா, ஹா" என்று இரண்டு தரம் ஆமாம் சொல்லி வைத்தார்.

"என் எடத்துக்கு வர்ற ஆளு நீதானாம். நேத்தே தெரியுமா?"

"ராத்திரி தெரிஞ்சிதுண்ணே."

அவர் மீனைக் கூடையில் கொட்டினார். தேவி எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

பஸ் நிறுத்தம் வரை ஏழுமலை கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொன்னார். "ஒண்ணு மிச்சம் கீது. உலர். அவங்கன்னு அர்த்தம். பெரியவங்க ஒருத்தரா இருந்தாலும் உலர்னு சொல்லணும். ஓபாவப் பத்திப் பேசும்போது 'உ'ன்னு சொல்லிடாத. மரியாத இல்ல."

"சரிண்ணே."

"ஏறு."

தேவியிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன். பொன்னேரி வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

இதை சமர்கந்தில் எழுதுகிறேன். வீட்டில் எனக்கும் இரண்டு பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். ஏரி இல்லை, உப்புக் காற்று இல்லை. பச்சை கேட் இருக்கிறது. முதல் நாள் ஓபா காய் நறுக்கியபடி கேட்டார். "உ நிமா தெதி?" அவர் என்ன சொன்னார் என்று அர்த்தம். ஏழுமலையைப் பற்றிக் கேட்கிறார் என்று தெரிந்தது.

"உலர்..." என்று தொடங்கினேன். நிறுத்தினேன்.

எனக்கு வார்த்தை தெரியவில்லை என்று ஓபா நினைத்தார். பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டி, ஒரு ரொட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார்.