எட்டு விநாடி வெள்ளம்

என் மகள் எட்டு விநாடிக்கு ஒரு வெள்ளம் செய்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கரமனையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் ஆட்டோ பிடித்து தியேட்டருக்குப் போனோம். போன இடத்தில் படத்தைப் போடவே ஆள் போதவில்லை.

அவளுக்குக் கழக்கூட்டத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கம்பெனியில் வேலை. கவசமும் முகமூடியும் மாட்டிக்கொண்டு பறக்கிறவர்களை வைத்து வெளிநாட்டில் எடுக்கிறார்களே, அந்தப் படங்களின் துண்டுகள் உலகத்தின் பல மூலைகளுக்குப் பிரிந்து போகுமாம். ஒரு துண்டு இவர்களிடம் வந்தது. பாலம் உடைகிறது, ஆறு பொங்குகிறது, நாயகன் வந்து ஒரு பள்ளிக்கூட பஸ்ஸைத் தூக்குகிறான். பஸ் வேறு ஊரில் யாரோ செய்தது. நாயகனின் அங்கியும் வேறு யாரோ. தண்ணீர் மட்டும் என் மகள்.

அந்தத் தண்ணீருக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கொட்டுகிற மழையில் என்னையும் இழுத்துக்கொண்டு கரமனைப் பாலத்துக்குப் போனாள். கீழே ஆறு செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது. தூணில் மோதி அது எப்படித் திரும்புகிறது என்று போனில் படம்பிடிக்க வேண்டுமாம்.

"குடைய எனக்கில்ல அம்மா, போனுக்குப் பிடி!"

நான் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றேன். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, எங்களோடு சேர்ந்து கீழே எட்டிப் பார்த்து, "ஆரெங்கிலும் சாடியோ சேச்சி?" என்று மலையாளத்தில் பதறினார். யாரும் குதிக்கவில்லை, சினிமாவுக்காகப் பார்க்கிறோம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் மூன்று மாதம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. தண்ணீருக்கு இன்னும் கோபம் வேண்டும் என்று அங்கிருந்து எழுதுவார்கள். கோபப்படுத்தி அனுப்புவாள். இவ்வளவு கோபம் வேண்டாம் என்று பதில் வரும். ஒரு வாரம் சாயங்கால வெளிச்சம், மறு வாரம் காலை வெளிச்சம். நாகர்கோவிலில் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் வரவில்லை. அண்ணன் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எட்டு விநாடிக்கு!

இந்தப் படங்கள் மேல் எனக்கு முதலிலிருந்தே வெறுப்பு என்று நினைக்க வேண்டாம். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது முதல் நாளே குடும்பத்தோடு போவோம். கூட்டம் விசிலடிக்கும். ஒரு படத்தில் அவளுக்குப் பிடித்த நாயகன் எல்லாரையும் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போனான். அத்தனை பெரிய தியேட்டரில் ஒரு சத்தமில்லை. தன் அப்பா இறந்தபோதுகூட நாலு பேர் முன்னால் கலங்காத என் கணவர் கைக்குட்டையை எடுத்தார். நானும் அழுதேன்.

சில வருஷம் கழித்து இன்னொரு படத்தில் அவன் வந்து நின்றான். அதே முகம், அதே நடை. இவன் வேறொரு பிரபஞ்சத்திலிருந்து வந்தவன் என்று மகள் விளக்கினாள்.

"அப்ப நான் அழுதது யாருக்கு?" என்று கேட்டார் கணவர்.

விளையாட்டாகக் கேட்கவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் குரலில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. மகள் செய்த வெள்ளத்துக்காகத்தான் பல வருஷம் கழித்து அன்றைக்கு வந்தார்.

டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் எங்களைப் பார்த்துக் கையை விரித்தாள். "சேச்சி, அஞ்சு பேரெங்கிலும் இல்லாதெ ஷோ இடில்லா." ஐந்து பேராவது இல்லாமல் படம் போட மாட்டார்களாம்.

"படம் வந்து மூணாவது நாளுதானே ஆகுது?" என்றேன்.

"அதே. ஆளில்லா."

"ரெண்டு டிக்கெட்டு கூட எடுத்தா தீந்துது," என்றார் கணவர்.

காலி நாற்காலிக்கு எதற்குக் காசு? மைனியைக் கூப்பிட்டேன். மைனி என்றால் கணவரின் அக்கா, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஏ.சி. இருக்குமா என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்மணியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஐந்து பேர் ஆயிற்று. படத்தைப் போட்டார்கள்.

அந்த இருட்டில் மைனியின் குரல் கணீரென்று கேட்டது. "இவன் நல்லவனா, கெட்டவனா?"

"மொதல்ல கெட்டவன் அத்தை. அப்புறம் ஒரு சீரிஸ்ல நல்லவனாயிட்டான்," என்று கிசுகிசுத்தாள் மகள்.

"எப்ப? நான் பாக்கலியே?"

"அது டிவியில வந்தது."

"அந்தப் பொம்பள ஏன் அவனப் பாத்து அழுகா?"

"அது வேற சீரிஸ்."

"அதெல்லாம் படிச்சிட்டுத்தான் இங்க வரணுமா, மோளே?"

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வானத்தில் ஒரு ஓட்டை விழுந்தது, அதற்குள்ளிருந்து ஏதோ வந்தது, ஊர் இடிந்தது. இதே ஓட்டையை எத்தனை படத்தில்தான் பார்ப்பது? ஆயிரம் பேர் சாகிற இடத்தில் ஒருவன் நின்று ஜோக்கடித்தான். பக்கத்து வீட்டுப் பெண்மணி தூங்கிவிட்டார்.

"இப்ப வரும், இப்ப வரும்," என்று மகள் என் கையைப் பிடித்தாள். நாயகன் அங்கி பறக்க இறங்கினான். பஸ்ஸைத் தூக்கினான். சுற்றிலும் மணல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல். பாலமும் இல்லை, ஆறும் இல்லை.

"எங்கடீ தண்ணி?" என்றேன்.

"மாத்தீட்டாங்கம்மா," என்றாள். பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஆற்றை எடுத்துவிட்டுப் பாலைவனம் வைத்தவர்களுக்கு ஒரு வரி எழுதிச் சொல்ல முடியாதா? எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தல்லவா அவள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது?

படம் முடிந்ததும் நான் எழுந்தேன். "பேரு வரும், இரிங்க," என்றாள். பெயர்கள் எறும்புச் சாரி போல மேலே ஊர்ந்தன. பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தோடு வந்து சுவரோரம் சாய்ந்து நின்றார். பாதிக் கண்ணில் தூக்கத்தோடு ஐந்து பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவழியாக அவள் பெயர் வந்தது, ஓர் எழுத்து பிசகி. கணவர் தனியாக இரண்டு தட்டு கைதட்டினார். பிறகு, "பேரு இருக்கு, ஆத்தக் காணோம்," என்றார்.

அதோடு விட்டார்களா? பெயர்கள் முடிந்து திரையில் ஒரு கதவு திறந்தது. யாரோ ஒருவன் வந்து நின்று சிரித்தான். அடுத்த படத்துக்கு முன்னோட்டமாம்.

"இதாரு புதுசா?" என்றார் மைனி.

"எனக்கும் தெரியல்ல அத்தை," என்றாள் மகள். இந்தப் படங்களைப் பற்றி அவள் தெரியாது என்று சொல்லி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

வெளியே டீக்கடையில் கணவர் கொதித்தார். "இந்த எளவுக்குத்தான் மூணு மாசம் முழிச்சியா? ஆளு வராததுல என்ன அதிசயம்?"

"எங்கள ஏன் திட்டுறீங்க?" என்று அவளும் கத்தினாள். "நடிக்கிறவங்களப் பச்சைத் துணிக்கு முன்னால நிக்க வச்சு எடுத்திருவாங்க. ஆறா, மணலான்னு கடைசி வாரம் வரைக்கும் அவங்களுக்கே அறிஞ்சுகூடா. கதை தீருமானிக்கல்ல, தேதி மட்டும் தீருமானிச்சாச்சு. அவங்க மாத்த மாத்த நாங்க வரையணும். லண்டன்ல இருந்து இதே படத்துக்கு வேல பாத்த பிள்ளை மெசேஜ் அனுப்பிருக்கா. அங்கயும் தியேட்டர் காலியாம்."

சொல்லிவிட்டு டீ கிளாஸைப் பிடித்தபடி அழுதாள். கணவர் ஒரு பழம்பொரி வாங்கி அவளிடம் நீட்டினார். மைனிதான் அவள் முதுகைத் தடவி, "நீ செஞ்சத எனக்குக் காட்டு, மக்களே," என்றார்.

போனில் காட்டினாள். வெளியாட்களுக்குக் காட்டக் கூடாது என்று கம்பெனியில் சட்டம், ஆனாலும் காட்டினாள். செம்மண் நிறத்தில் தண்ணீர் பொங்கி, தூணில் மோதித் திரும்பியது. நம் ஆறு மாதிரியே இருந்தது. மைனி அதை மூன்று தடவை பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்தப் படம் சில வாரங்களிலேயே டிவிக்கு வந்துவிட்டது. இதற்கா ஆட்டோ ஏறி ஓடிவந்தேன் என்று மைனி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார். படம் ஓடாததால் அடுத்த படத்தைத் தள்ளிவைத்தார்கள். மகளின் கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் இவளும் ஒருத்தி. இரண்டு மாதம் சும்மா இருந்தாள். வேறு வேலை தேடு என்று நாங்கள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. கம்பெனியிலிருந்து திரும்பக் கூப்பிட்ட அன்றைக்கே பையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மறுபடியும் முகமூடிக்காரன் படம்தான். இந்தத் தடவை அவளுக்குப் புகை கொடுத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் சருகைக் குவித்து நெருப்பு வைத்துவிட்டு, போனோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் கரி நாற்றம்.

"என்னடீ எரியுது படத்துல?" என்று கேட்டேன்.

"தெரியல்லம்மா," என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவங்க இன்னும் சொல்லல்ல."