பதிவேட்டில் இல்லாத பதினொரு பேர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ரெக்டர் பாதர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடி. சான்றிதழ் சரிபார்ப்புப் பிரிவின் தலைமை எழுத்தர். எங்கேயோ ஒரு கம்பெனியோ பள்ளிக்கூடமோ, இந்தப் பட்டம் நீங்கள் கொடுத்ததுதானா என்று கேட்டு எழுதினால், ஆம் அல்லது இல்லை என்று முடிவு சொல்கிற மனிதர். அந்த முடிவைத் தட்டச்சு செய்து அனுப்புவது என் வேலை. பத்தொன்பது வருடம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். வளாகத்தில் புனிதர்களுக்குச் சிலை வைத்த வரிசையில் ஒரு பீடம் இன்னும் காலியாக இருக்கிறது. அது எனக்குத்தான் என்று என் கணவரிடம் அடிக்கடி சொல்வேன்.

அப்படி ஒரு சந்தேகம் அவருக்கு. குடையை மேசைக் காலோடு சேர்த்துக் கட்டிவைப்பார். சிற்றாலயத்தில் பூசைக்குப் போனால் கடைசி வரிசையில்தான் உட்காருவார், முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது. நண்பகல் மணி அடித்ததும் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று செபம் சொல்வது வழக்கம். அப்போதும் அவருடைய ஒரு கண் மேசை மேலிருக்கும் முத்திரைப் பெட்டி மேல்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளிச்சத்தில் நிற்கிறவனும் பேய்தான்.

ஆனால் வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை டிப்டாப்பாக உடுத்திய ஒரு மனிதன் முதுகலைச் சான்றிதழோடு ஜன்னலுக்கு வந்தான். இவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார், "தம்பி, இதுல கையெழுத்துப் போட்ட பாதரை நாங்க ஜனவரியில அடக்கம் பண்ணினோம். நீங்க ஏப்ரல்ல எங்க போயி அவர்கிட்ட கையெழுத்து வாங்குனீங்க?" அந்த மனிதன் சான்றிதழைக்கூட வாங்காமல் ஓடிப்போனான். இப்படி நாற்பதுக்கு மேல் பிடித்திருக்கிறார். எண்ணிக்கை அவருக்கு மனப்பாடம்.

அவர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தபோது பல்கலைக்கழகத்துக்கு எழுபத்தைந்தாவது வருடம் வந்தது. வரலாற்றுப் புத்தகம் எழுத ஒரு சிஸ்டரை நியமித்தார்கள். வாடகைக்கு எடுத்த கிடங்கில் மூன்று பாதிரிமார் பத்தொன்பது மாணவர்களை வைத்து ஆரம்பித்த இடம் இது, இன்று பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள். அந்தக் கதையை எழுத சிஸ்டருக்குப் பழைய பதிவேடுகள் வேண்டும். சிற்றாலயத்துக்குக் கீழே இருக்கும் நிலவறையில் அவை இருந்தன. சாவி யாரிடம்? வேறு யாரிடம் இருக்கும்.

"சரித்திரம் எழுதுறாங்களாம். இருக்குறதை எழுதினா சரி. இல்லாததைச் சேர்த்து, இருக்குறதைக் கிழிச்சுட்டா?" என்றார் என்னிடம்.

"சார், அவங்க கன்னியாஸ்திரி."

"அதனால?"

ஒவ்வொரு பதிவேட்டையும் கொடுக்கும் முன் தாள்களை எண்ணி, ஒரு சீட்டில் எழுதி, சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கினார். திரும்பி வந்ததும் மறுபடி எண்ணினார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார், எண்ணுவார், அவ்வளவுதான். சிஸ்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மாதம்தான் டீச்சர் வந்தார். ஐம்பது தாண்டிய பெண், பருத்திப் புடவை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ். இருபத்தெட்டு வருடமாக ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். தலைமை ஆசிரியை ஆக்கும் முன் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும் என்று பள்ளி எங்களுக்கு எழுதியது. எங்கள் பதில், 'அப்படி ஒருவர் எமது பதிவேட்டில் இல்லை.' வெள்ளிக்கிழமைக்குள் சரியான அத்தாட்சி கொண்டுவராவிட்டால் வேலையும் போகும், போலிச் சான்றிதழ் என்று போலீஸுக்கும் போகும். அன்று திங்கட்கிழமை.

"ஸ்ட்ரைக் நடந்த வருஷம் சார்," என்றார் டீச்சர். "நாலு மாசம் எல்லாம் மூடிக் கெடந்துச்சு. ஆஃபீஸை மாணவர்கள் பூட்டிட்டாங்க. ஊருக்குப் போக முடியாம ஹாஸ்டல்ல இருந்த பதினொரு பொண்ணுங்க நாங்க. ரெக்டர் பாதர் எங்களுக்கு மட்டும் மடத்துச் சாப்பாட்டு அறையில பரீட்சை வெச்சார்."

"சாப்பாட்டு அறையில," என்றார் இவர்.

"ஆமா சார்."

"பரீட்சை."

"ஆமா."

"முத்திரை எங்கம்மா? எங்க சான்றிதழ்ல இந்த மூலையில அழுத்து முத்திரை இருக்கும். தடவிப் பார்த்தாலே தெரியும்."

"முத்திரை மிஷின் பூட்டுன ஆஃபீஸுக்குள்ள இருந்துச்சு."

இவர் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கதை நல்லா இருக்கு என்று அர்த்தம். அந்த வருடத்துப் பதிவேட்டை எடுத்து டீச்சர் கண் முன்னாலேயே விரித்தார். கெட்டி அட்டை போட்ட நகல் ஏடு. கரையான் அரிக்கத் தொடங்கிய பழைய பதிவேடுகளைப் பார்த்து, முப்பது வருடத்துக்கு முன் புதிதாக எழுதிவைத்தவை அவை. அதன் பிறகு அந்த நகல்தான் எங்களுக்கு வேதம். விரலை வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இறக்கினார். டீச்சர் பெயர் இல்லை.

"என் பொண்ணு இங்கதான் ரெண்டாம் வருஷம் படிக்கிறா," என்றார் டீச்சர். "அம்மா படிச்ச இடம்னு ஆசைப்பட்டுச் சேர்ந்தா. நான் அவ முகத்துல எப்படி சார் முழிப்பேன்?"

உண்மையைச் சொல்கிறேன், நானும் நம்பவில்லை. எத்தனை அழுகையைப் பார்த்த ஜன்னல் அது. இந்த அம்மா அழக்கூட இல்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. பத்தொன்பது வருடம் ஒருவர் எதிரில் உட்கார்ந்தால் அவர் வியாதி நமக்கும் ஒட்டும் போலிருக்கிறது.

புதன்கிழமை மதியம் கேன்டீனில் சிஸ்டர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். புத்தக வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுவைத்தேன்.

"ஸ்ட்ரைக் வருஷம் எழுதிட்டு இருக்கேன். எங்க மடத்துல வயசான சிஸ்டர் ஒருத்தர் சொன்னாங்க, சாப்பாட்டு மேசையைத் துடைச்சுட்டு அதுலயே பரீட்சை வெச்சாங்களாம். ஒரு பொண்ணோட விடைத்தாள்ல குழம்புக் கறை பட்டு, அது அழுதுச்சாம்," என்று சிரித்தார்.

தட்டைத் தள்ளிவைத்தேன். "சிஸ்டர், அந்த வருஷத்துப் பழைய பதிவேடு உங்ககிட்டயா இருக்கு?"

"என் ரூம்லதான். உங்க சார்தான் எண்ணிக் கொடுத்தாரே."

பூதக்கண்ணாடியை இழுத்துக்கொண்டு போகாத குறைதான். பழைய பதிவேடு இருக்கும்போது ஒரு தடவை பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். நல்ல நகல் இருக்கும்போது பழசு எதற்கு என்றார். வராவிட்டால் நானே போய்ப் பார்த்துவிட்டு ரெக்டரிடம் சொல்வேன் என்றேன். வந்தார், ஆனால் முத்திரைப் பெட்டியைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான்.

சிஸ்டர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதற்குப் பிறகு ஆறு தாள்கள் வெள்ளை நூலால் தைத்துச் சேர்க்கப்பட்டிருந்தன. ஊதா மை, பக்க எண் கிடையாது. பதினொரு பெயர்கள், பாடவாரியாக மதிப்பெண்கள், கீழே அன்றைய ரெக்டரின் கையெழுத்து. நான்காவது பெயர் டீச்சருடையது.

"இது இப்போ தைச்சு வெச்சது," என்றார் பூதக்கண்ணாடி.

"சார்," என்றேன்.

"மை வேற, தாள் வேற. யாரு தைச்சாங்களோ. அந்த அம்மா வந்து ரெண்டு நாள்ல இது முளைக்குது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்க."

சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து பூதக்கண்ணாடி முன் வைத்தார். பதிவேட்டை வாங்கிய அன்று போட்ட சீட்டு. அதில் அவருடைய கையால் எழுதியிருந்தது, 'தாள் இருநூற்று ஆறு.' பதிவேட்டில் எண் போட்ட தாள்கள் இருநூறுதான். டீச்சர் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே அந்த ஆறு தாள்களையும் அவரே எண்ணிக் கொடுத்திருக்கிறார்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறு தாள்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். கடைசித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் இரண்டு வரி இருந்தது. 'ஆறு தாளும் சந்தேகத்துக்குரியவை. நகல் எடுக்கவில்லை. மேலதிகாரியிடம் கேட்க வேண்டும்.' கீழே ஒரு சுருக்கொப்பம். வால் நீண்ட அந்த ஒப்பத்தை நான் பத்தொன்பது வருடமாகத் தினமும் பார்க்கிறேன்.

"புதுசா சேர்ந்த வருஷம்," என்றார் மெதுவாக. "நகல் எழுதுற வேலையை என்கிட்டதான் கொடுத்தாங்க. பக்க எண் இல்ல, மை வேற. யாரோ சொருகுனதுன்னு நினைச்சேன்."

"கேட்டீங்களா? மேலதிகாரிகிட்ட?"

"இந்த ஆறு தாளை எழுதுன பிரதர் அதுக்குள்ள செத்துட்டார். ரெக்டரும் மாத்தலாகிப் போயிட்டார். பதிவாளர் அப்புறம் பாக்கலாம்னு சொன்னார். அப்புறம்..."

மறந்துபோயிருக்கிறது. முப்பது வருடம் ஊரையே சந்தேகப்பட்ட மனிதருக்குத் தன் கையெழுத்து மேல் மட்டும் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சிஸ்டர் முன்னால் வாயை அடக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை டீச்சரை வரவழைத்தோம். 'இவர் எமது பட்டதாரியே. முந்தைய பதில் எமது அலுவலகத்தின் பிழை.' சார் சொல்லச் சொல்ல நான் அடித்தேன், ரெக்டர் கையெழுத்துப் போட்டார். பூதக்கண்ணாடி ஜன்னல் வழியாக நீட்டாமல், கதவைத் திறந்து டீச்சரை உள்ளே அழைத்து, தன் நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுத்தார். அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

டீச்சர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நன்றி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"என்கூட எழுதின மத்த பத்து பேருக்கும் யாராவது கேட்டிருந்தா, இதே பதில்தான் போயிருக்குமா?"

பூதக்கண்ணாடி என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். பதில் கடிதங்களின் நகல்கள் வருடவாரியாக அங்கே கட்டுக்கட்டாக இருந்தன. பதினொரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று பேரும் தேடினோம். நண்பகல் மணி அடித்தது, யாரும் எழுந்து நிற்கவில்லை. மூன்று கடிதங்கள் கிடைத்தன. ஒன்று பதினாறு வருடம் முந்தியது, ஒன்று பதினொன்று, ஒன்று ஆறு. மூன்றிலும் அதே ஒரு வரி, அப்படி ஒருவர் எமது பதிவேட்டில் இல்லை. அந்தப் பெண்கள் யாரும் ஜன்னலுக்கு வந்து கேட்கவில்லை. கேட்க வராததே போலி என்பதற்கு அத்தாட்சி என்று நாங்கள் இருந்திருக்கிறோம்.

கடிதத்தின் இடது மூலையில் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகளைப் போடுவது அலுவலக வழக்கம். மூன்றிலும் என் எழுத்துகள். அந்த மனிதரைப் பத்தொன்பது வருடம் திட்டித் தீர்த்தேன், அவர் 'இல்லை' என்றதையெல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் அடித்தும் கொடுத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதைச் சொல்ல வேறு நல்ல வார்த்தை என்னிடம் இல்லை.

டீச்சர் பதினாறு வருடத்துக்கு முந்திய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இவ என் ரூம்மேட்," என்றார். "வேலையில சேர்ந்து கொஞ்ச நாள்லயே துரத்திட்டாங்க, போலிச் சர்டிபிகேட்னு. பக்கத்துப் பக்கத்துலதான் உக்காந்து எழுதினோம். ஆனாலும், பாஸ் ஆகலையோ என்னமோ, நம்மகிட்ட மறைச்சுட்டான்னு நாங்க எல்லாரும் நினைச்சுட்டோம். யுனிவர்சிட்டியே சொல்லுதேன்னு. அதுக்கப்புறம் நான் அவகிட்ட பேசவே இல்ல."

பூதக்கண்ணாடி வெள்ளைத்தாளை எடுத்து என் முன் வைத்தார். அன்று மாலைக்குள் மூன்று கடிதமும் தயாராகிக் கையெழுத்தும் ஆயிற்று. தபால்காரருக்காக நான் உறை எடுத்தேன்.

"இவளோடதைத் தபால்ல போடாதீங்க," என்றார் டீச்சர். "வீடு எனக்குத் தெரியும். நானே கையில கொண்டு போறேன்."

"நானும் வரேம்மா," என்றார் பூதக்கண்ணாடி. மேசைக் காலிலிருந்து குடையை அவிழ்க்கவும் தொடங்கிவிட்டார்.

"வேணாம் சார். நீங்க அப்புறம் வாங்க," என்று டீச்சர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "எனக்கே அவ கதவைத் திறப்பாளான்னு தெரியல."