அக்கா கேட்ட ஒரு நாள்

எங்கள் அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவருடைய நற்குணங்களைப் பற்றி இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். உடன்பிறந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அக்காவின் குணங்களை எழுத உட்கார்ந்தால், அவற்றை நாங்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டோம் என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. தங்கையிடம் இதைப் படித்துக் காட்டினேன். அழுது முடித்துவிட்டு, "எதையும் எடுக்காதண்ணா, அப்படியே போடு" என்றாள்.

அக்கா காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான், எனக்குப் பின் தங்கை. அப்பா பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, நிலம் வாங்குவோர் விற்போருக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். பள்ளி இறுதித் தேர்வில் அக்கா முதலாவதாக வந்தார். அதே வருடம் நான் பத்தாம் வகுப்பில் தேறவில்லை. ஒரு பிள்ளையைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்று அப்பா சொன்னபோது, அது யார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து மறுதேர்வில் தேற வைத்ததும் அவர்தான். இன்று கடலூரில் நான் பார்க்கும் அரசு வேலை அப்படி வந்தது.

அக்காவைச் சிதம்பரம் பக்கம் கிள்ளை என்ற கடலோர ஊரில் கட்டிக் கொடுத்தோம். மாமா படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், நல்ல மனிதர். குழந்தை இல்லை. மஞ்சள் காமாலையில் மாமா இறந்தபோது அக்காவுக்கு முப்பத்தேழு வயது. பிறந்த வீட்டுக்கு வந்துவிடும்படி அழைத்தோம், வரவில்லை. அங்கன்வாடியில் வேலை தேடிக்கொண்டு, அதே ஊரில், அதே வாடகை வீட்டில் இருந்தார். தெருவே அவரை டீச்சரம்மா என்றது. சுனாமி வந்த அந்த வாரம் முழுவதும் அவர் வீட்டுக்கே போகவில்லை. முகாமில், தாயைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வருடம் அப்பா ஒரு பத்திரத்தில் வடக்கு எல்லையைத் தெற்காகவும் தெற்கை வடக்காகவும் எழுதிவிட்டார். நிலம் வாங்கியவர் அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டப் போய்க் கைகலப்பானது. பிறகு இன்னொரு தப்பு, இன்னொன்று. ஆட்கள் வருவது நின்றது. அப்பா மட்டும் தினமும் மேசைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவரை யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். அம்மா அப்போது உயிரோடு இல்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில் கூடிப் பேசினோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றாள் என் மனைவி. மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றாள் தங்கை. நான் அக்காவைப் பார்த்துச் சொன்னேன்: "உனக்குன்னு யாருக்கா இருக்கா? நீ ஒண்டிதான. நீயே வச்சுக்கயேன்."

அக்கா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார். பிறகு, "சரிடா. அவரு துணிய எடுத்துக் குடு. நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறோம்" என்றார்.

இரண்டு வருடம் அங்கன்வாடிக்கு அப்பாவையும் உடன் அழைத்துப் போனார். ஒரு நாள் அப்பா ஒரு குழந்தையை அடித்துவிட்டார். இன்னொரு நாள் அக்கா கணக்கெடுப்பு முடித்துத் திரும்புவதற்குள் எழுந்து போய்விட்டார். பிச்சாவரம் பக்கம் உப்பங்கழிச் சேற்றில் முழங்கால் புதைய நின்றவரை, நண்டு பிடிக்கும் பெண்கள் கரையேற்றினார்கள். "வேலைய விட்டுடுக்கா" என்று நான் தொலைபேசியில் சொன்னேன். சொல்வதற்கு எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. அக்கா வேலையை விட்டார்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினோம். "வயசானா இப்படித்தாம்மா இருக்கும், சத்து மாத்திரை குடுங்க" என்று அனுப்பிவிட்டார். எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. நோய் என்றால் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். வயசு என்றால் வேண்டாம்.

அப்பா, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அக்காவைக் காட்டி, "இவ வேலக்காரி. என்னெ அடைச்சி வச்சிருக்கா. சோறே போடறதில்ல" என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லும்போது கண் கலங்குவார். உறவினர்கள் நம்பினார்கள். எங்கள் சித்தப்பா என் அலுவலகத்துக்கே போன் செய்து, "ஒங்க அக்கா எங்க அண்ணன பட்டினி போடறாளாமே, வெளிய தெரிஞ்சா அசிங்கம்" என்றார். நானும் நம்பினேன். அன்றே கிள்ளைக்குப் போய், தெருவில் நின்று, எதிர் வீட்டு மேரியம்மாள் கேட்கும்படி அக்காவிடம் கத்தினேன்.

அக்கா திருப்பிக் கத்தவில்லை. "இப்பதான் நாலு இட்லி சாப்ட்டாரு. தட்டு இன்னும் கழுவல, பாத்துக்க. கொஞ்ச நேரம் உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் அப்பா என் கையைப் பிடித்து, "நேத்துலருந்து பட்டினி தம்பி" என்றார். அவர் மீசையில் சட்னி ஒட்டியிருந்தது.

அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வண்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பினேன்.

அந்த வீட்டுக்குள் முதலில் உதவியோடு நுழைந்தது எங்களில் ஒருவர் அல்ல. தடுப்பூசிக்குப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்த கிராம செவிலியர். அக்காவுக்கு அங்கன்வாடி நாளிலிருந்தே பழக்கம். அப்பாவைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "இது வயசு இல்லக்கா, கூட்டினு வாங்க, டாக்டரம்மாகிட்ட காட்டலாம்" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்து இளம் மருத்துவர் அரை மணி நேரம் அப்பாவோடு பேசினார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வாழ்நாளெல்லாம் எழுதிய கை, வட்டத்தின் ஒரே பக்கத்தில் எல்லா எண்களையும் எழுதியது.

"இது மறதி நோய்ம்மா. அவரு பொய் சொல்லல, சாப்ட்டது அவருக்கு நெசமாவே ஞாபகம் இல்ல. கூட வாதாடாதீங்க" என்று மருத்துவர் சொன்னாராம். அதைக் கேட்டு அக்கா அங்கேயே அழுதிருக்கிறார். இரண்டு வருடமாக, அப்பா வேண்டுமென்றே தன்னைப் பழிக்கிறார் என்று நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறார்.

செவிலியர் அத்தோடு விடவில்லை. அக்காவின் கையிலும் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். மிக அதிகமாக இருந்தது. "அவருக்குப் பாக்க வந்தீங்க, ஒங்களுக்குத்தான் ஜாஸ்தி அவசரம்" என்றார். மாதம் ஒரு முறை, இப்படி நோயாளியை வைத்துக்கொண்டிருக்கும் வீட்டார் ஏழெட்டுப் பேரைச் சுகாதார நிலையத்தில் உட்கார வைத்துப் பேசச் செய்வார். அங்கே அக்கா ஒரு முறை, "நேத்து அவர அடிச்சிட்டேன். என் சேலையிலேயே மூத்திரம் பேஞ்சாரு, கை ஓங்கிட்டேன். அப்புறம் நாள் முழுக்க சாப்புடல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். இதை மறைக்க எனக்கு மனமில்லை. அக்காவைத் தெய்வமாக்கிவிட்டால் நமக்குத்தான் சுலபம். அவர் களைத்துப்போன ஒரு மனுஷி.

மருத்துவர் என் அலுவலகத்துக்கும் போன் செய்தார். "சார், அப்பாவுக்கு நான் குடுக்கிற மருந்து ஓரளவுதான். ஒங்க அக்காவுக்கு ஒரு மருந்து இருக்கு. வாரத்துல ஒரு நாள் நீங்க வந்து அப்பாவப் பாத்துக்கணும்." லீவு கிடைக்காது டாக்டர் என்றேன். எனக்கு விடுப்பு நிறைய இருந்தது. அந்த வருடம் குடும்பத்தோடு நவக்கிரகக் கோயில்கள் சுற்ற எட்டு நாள் எடுத்தேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் அக்காவுக்கு அடிக்கடி நெஞ்சு அடைத்தது. சிதம்பரத்துக்குப் போய் இதயப் பரிசோதனை செய்துகொள்ளும்படி சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார் மருத்துவர். அதற்கு ஒரு பகல் முழுதும் அப்பாவை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். மேரியம்மாளை அப்பா கடித்திருந்ததால் அவரிடம் விட முடியாது. அக்கா என்னை அழைத்தார்.

"தம்பி, செவ்வாக்கெழம ஒரு நாள் மட்டும் வர்றியாடா? சாயந்தரம் வந்துருவேன்."

"ஆடிட் நடக்குதுக்கா. அடுத்த வாரம் பாக்கலாம்."

"சரி, ஒனக்கு எப்ப தோதுப்படுமோ சொல்லு."

தங்கையையும் கேட்டிருக்கிறார். அவள் மாமியார் வீட்டில் அன்று அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் போனது. வெள்ளிக்கிழமை காலை அக்கா அடுப்படியில் விழுந்து இறந்தார். பதினொரு மணிக்கு மாத்திரை கொடுக்க வந்த செவிலியர்தான் பார்த்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது. அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலால் அக்காவின் தோளை இடித்துக்கொண்டே, "எழுந்திரிடி, காபி குடு, எவ்ளோ நேரம் தூங்குவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

சாவு வீட்டில் அப்பா, "யாரு செத்தது?" என்று கேட்டார். "ஒங்க பொண்ணுப்பா, மூத்தவ" என்றேன். நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார். பத்து நிமிடம் கழித்து, "இவ்ளோ ஜனம் இருக்குது, யாரு செத்தது?" என்றார். மறுபடி சொன்னோம். மறுபடி அதே அழுகை. மூன்றாம் முறை சித்தப்பா சொல்ல வாயெடுத்தபோது செவிலியர் தடுத்தார்: "சொல்லாதீங்க. ஒவ்வொரு வாட்டியும் அவருக்கு இப்பதான் செத்த மாதிரி. ஒரே நாள்ல எத்தன வாட்டி மகளப் பறிகொடுப்பாரு?"

அதன்பின் அப்பாவை நான் மஞ்சக்குப்பத்துக்கு அழைத்து வந்தேன். அந்த மார்கழியில் அடித்த 'தானே' புயலுக்குப் பின் பல நாள் மின்சாரம் இல்லை. தெருவெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. அப்பா ஓயாமல் வெளியே ஓடினார். ஒரு நாள் நடுப்பகலில் அவர் மணிக்கட்டை வேட்டியால் கட்டிலோடு கட்டினேன். அவரைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்து எனக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா ஆறு வருடம் பார்த்தார்.

அவிழ்த்துவிட்டு, மறுநாளே எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கேயும் ஒரு செவிலியர் முதலில் இரத்த அழுத்தம் பார்க்க என் கையை நீட்டச் சொன்னார். இப்போது நானும் மனைவியும் தங்கையும் நாள் பிரித்துக்கொண்டு பார்க்கிறோம். முடியாதென்று சொன்ன மூவருக்கும் முடிகிறது. அப்போதும் முடிந்திருக்கும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. ஒரு நோயாளியைப் பார்க்க வந்து இருவரைப் பார்த்த அந்தக் கிராம செவிலியருக்கும், எங்கள் வீட்டுக்காக அரை மணி நேரம் ஒதுக்கிய அந்த மருத்துவருக்கும், கடிபட்ட பிறகும் தினமும் குழம்பு கொடுத்தனுப்பிய மேரியம்மாளுக்கும், சேற்றிலிருந்து அப்பாவைத் தூக்கிய பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இரங்கல் சொல்லி எங்களைத் தேற்றிய மற்ற உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒருவரை வேறொருவர் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், இன்று திதிச் சாப்பாடு முடிந்ததும் அங்கே போங்கள். நலம் விசாரிக்க வேண்டாம். பார்த்துக்கொள்பவரை வெளியே அனுப்பிவிட்டு, நீங்கள் ஒரு நாள் உள்ளே இருங்கள்.

அச்சகத்திலிருந்து இந்த மலரின் அட்டை மாதிரி வந்தபோது அப்பா அதை வாங்கிப் பார்த்தார். அக்காவின் படத்தை வெகுநேரம் விரலால் தடவினார்.

"யாரு இந்தப் பொண்ணு? லட்சணமா இருக்குது. கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுப்பா."

"அவுங்க வூட்ல நல்லா பாத்துக்கறாங்களா?"

"பாத்துக்கறாங்கப்பா" என்றேன்.