வரதனின் தள்ளாட்டம்

வசந்தகுமாரிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆவடி குவார்ட்டர்ஸில் அவள் சத்தம் கேட்காமல் குழாயடி கலைந்ததில்லை. அப்பேர்ப்பட்டவளே தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் பிடித்த காலம் ஒன்று உண்டு.

அவள் புருஷன் வரதன் ஃபிட்டர். மகள் பிறந்ததும் குடியை விட்டவன். தொண்ணூற்று மூன்றில் திடீரென்று தள்ளாட ஆரம்பித்தான். சுவரைப் பிடித்து நடப்பான், தும்மினால் உட்கார்ந்துவிடுவான். "தல சுத்துது, காது அடைக்குது" என்பான். யார் நம்புவார்கள்? பழைய குடிகாரனுக்குத் தலை சுற்றினால் ஊருக்கு ஒரே காரணம்தான் தெரியும்.

"மறுபடி ஆரம்பிச்சிட்டாரா?" என்று பக்கத்து வீட்டு வனஜா கேட்டதும் வசந்தகுமாரிக்கு மானமே போயிற்று. தான் பிறந்த ஊரான மேனாம்பேட்டின் அம்மன் கோயிலுக்கு அவனை இழுத்துப் போனாள்.

"குடிக்கலன்னா கற்பூரத்த அணச்சு சத்தியம் பண்ணுய்யா."

சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்றது. உள்ளங்கையால் அணைக்கக் குனிந்தவன் அப்படியே கற்பூரத் தட்டோடு சாய்ந்தான்.

"ஆத்தாளே காட்டிக் குடுத்துட்டா!" என்றார்கள். வசந்தகுமாரியும் சேர்ந்துதான் சொன்னாள்.

நெற்றிக் காயத்துக்குக் கட்டுப் போட்ட டாக்டர்தான் சந்தேகப்பட்டுப் பட்டணத்துக் காது டாக்டரிடம் அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி: "கனமா எதையாவது தூக்குனீங்களா?"

"கிரைண்டர் சார். மாடிக்கு. அப்பவே காதுல பட்டுனு இன்னாமோ தெறிச்சா மாரி இருந்துச்சு."

ஆள் வரும்வரை பொறுக்காமல் தூக்கச் சொல்லி நச்சரித்தது யார் என்பதை அவன் சொல்லவில்லை. அவள் தரையைப் பார்த்தாள்.

முக்கித் தூக்கியதில் உள்காதுச் சவ்வு கிழிந்து நீர் கசியலாம் என்றார் டாக்டர். செவிப்பறையைத் திறந்து, உள்ளே ஊறியிருந்ததைச் சில சொட்டுகள் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, கசிந்த இடத்தையும் அடைத்தார். காதில் கட்டும் சளி நீரும் உள்காது நீரும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்குமாம். சளியில் இல்லாத ஒரு புரதம் இதில் இருந்தால் கசிவு நிஜம். லேபில் தேடினார்கள். இருந்தது.

வசந்தகுமாரி கூசிப்போனாள். கட்டில் ஓரத்தில் நின்று விசும்பினாள். "எனக்கு இன்னாய்யா தெரியும்? டெஸ்ட் பண்ணதாலதான தெரிஞ்சுது?"

வரதன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி என் வாய மோந்து பாத்தியே வசந்தா. வாட அடிச்சுதா?"

அவ்வளவு பெரிய வாய்க்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாடை அடிக்கவில்லை. அது அவளுக்கு அன்றைக்கே தெரியும்.