கறுப்பு ராணிக்குப் பவுடர்

நெல்லையில் அந்தப் படத்துக்கு மூன்று வாரம் கூட்டம் குறையவில்லை. ஆப்பிரிக்க ராணி ஒருத்தி உலகத்தைக் காப்பாற்றும் கதை. தமிழில் பேச வைத்திருந்தார்கள். அவள் கையை நீட்டினால் இடிந்து விழும் பாலம் அந்தரத்தில் நிற்கும். கீழே வெள்ளைக்காரர்கள் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள், கும்பிடாத குறை. ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் இடைவேளை வரை என் கையை விடவில்லை.

“எம்மா, நம்ம கலருல்லா” என்றாள்.

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதில், இருட்டுக்குள், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். எங்கள் வரிசையில் அநேகமாக எல்லோருமே அந்த ராணியின் நிறம்தான். வெளியே வந்ததும் என் மதினி, கணவரின் அக்கா, படத்தைப் பற்றித் தன் தீர்ப்பைச் சொன்னார்.

“கறுப்பா இருந்தாலும் பிள்ள நல்ல களையா இருக்கா.”

உலகத்தையே காப்பாற்றிய பிறகும் அந்த ‘இருந்தாலும்’ அவளை விடவில்லை.

அந்த வருடப் பள்ளி ஆண்டு விழாவில் அந்தப் படத்தின் பாட்டுக்கு நடனம் என்று முடிவானது. மகள் ஒரு வாரம் பீரோ கண்ணாடி முன்னால் ஆடினாள். ராணி யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வகுப்பிலேயே வெளுத்த பிள்ளையை ராணி ஆக்கினார்கள். இவளுக்கு வில்லன் படையில் கடைசி வரிசை. அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் நடன டீச்சரைப் போய்ப் பார்த்தேன்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. மேடையில லைட்டு போட்டா ஒங்க பிள்ள மொகம் எடுக்காது. அந்தப் பிள்ளைக்குன்னா கறுப்பு மை போட்டுருவோம்.”

“இவ ஏற்கெனவே கறுப்புதான டீச்சர்.”

“அது வேற. இது மேக்கப்புல்லா” என்றார், பொறுமையாக.

சண்டை போட எனக்கு என்ன யோக்கியதை? நான் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். ‘இந்தக் கலர் ஒங்களுக்கு எடுக்காதுக்கா’ என்று என்னைவிட வெளுத்தவர்களிடம்கூடத் தினமும் சொல்கிறவள். அந்த ‘எடுக்காது’ என்ற சொல்லை டீச்சர் எங்கள் கடையிலேயே கற்றிருக்கலாம்.

விழாவன்று சாயங்காலம் அந்தப் பிள்ளைக்கு முகம், கழுத்து, கை எல்லாம் கறுப்பு மை பூசினார்கள். அரை மணி நேரத்தில் அரிப்பு வந்து கன்னம் வீங்கிவிட்டது. அவளுடைய அம்மா பதறிப்போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, வில்லன் படையின் கடைசி வரிசையிலிருந்து என் மகள் எழுந்தாள்.

“எனக்கு எல்லாம் தெரியும் டீச்சர்.”

விஷயம் கேள்விப்பட்டு நான் மேடைக்குப் பின்னால் போவதற்குள் மேக்கப்காரர் தன் வேலையை முடித்திருந்தார். மகளின் முகம் ரோஸ் பவுடரில் அப்பளம் போல் இருந்தது.

“என்ன அண்ணாச்சி, இவ ஆப்பிரிக்கா ராணில்லா?”

“இருக்கட்டும்மா. எந்த ஊரு ராணின்னாலும் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்காண்டாமா?”

அவர் கெட்டவர் இல்லை. கறுத்த பிள்ளையைப் பார்த்ததும் கை தானாகப் பவுடர் டப்பாவுக்குப் போயிருக்கிறது. மகள் கண்ணாடியைப் பார்த்தாள்.

“எம்மா, இத அழி.”

முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். வயதுக்கு வந்த நாள் முதல் ஏதேதோ கிரீம்களை முகத்தில் தேய்த்து வந்திருக்கிறேன். ஒரு முகத்திலிருந்து அதை எடுப்பது இதுதான் முதல்முறை. முழுதாகத் துடைப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. மீதியை மேடையில் வேர்வை பார்த்துக்கொண்டது.

விளக்கு நேராக அவள் முகத்தில் விழுந்தது. கண், பல், கோபம் எல்லாம் கடைசி நாற்காலி வரை தெரிந்தது. நான் ஓரமாக நின்று அழுதேன். அவள் ஓர் அடிகூடத் தப்பவில்லை.

ஆட்டம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். “ராணி வேஷம் ரொம்பத் தத்ரூபம். அசல் ஆப்பிரிக்கப் பிள்ளை போலவே இருந்தது. அந்த மேக்கப்பைப் போட்டவரை மேடைக்கு அழைக்கிறேன்.”

மேக்கப்காரர் திகைத்துப்போய் எங்களை ஒரு முறை பார்த்தார். பிறகு பைய மேடையேறி, எல்லோருக்கும் கும்பிடு போட்டு, பொன்னாடையை வாங்கிக்கொண்டார்.

முதலில் கைதட்டியது என் மகள்தான். அவளுக்குப் பசி. விழா சீக்கிரம் முடிந்தால் புரோட்டாக் கடைக்குப் போகலாம்.